அண்ணன் மேல் வந்த சாமி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள் என்றதும் சிலர் என்னை ஏதோ தெய்வப்பிறவியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். "புண்ணியம்மா இதெல்லாம்" என்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் காலையில் வந்து, கையைக் கடிக்க வருகிற கிழவிக்குப் பல் விளக்கிவிட்டுப் பார்க்கட்டும். புண்ணியத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எங்கள் இல்லம் கோலா சிலாங்கூரில் அசாம் ஜாவா பக்கம், பெரிய சாலையை ஒட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் யாரோ ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் பங்களாவாம். பின்பக்கம் செம்பனைத் தோட்டம், முன்பக்கம் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஓடும் லோரிகள். நடுவில் நாங்கள், இரும்புக் கேட்டைப் பூட்டிக்கொண்டு. பூட்டாவிட்டால் யாராவது ஒரு கிழவர் கைலியோடு சாலைக்கு நடந்துவிடுவார். காலையில் உள்ளே வந்தால் மாலைவரை எங்களுக்கும் அதே பூட்டுத்தான்.

இல்லத்தை நடத்துகிறவரை நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எழுபதை நெருங்குகிறார், கணவர் இல்லை. ஒரே மகன், கல்யாண விஷயத்தில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனவன் போனவன்தான். அவனைப் பற்றி மேடம் வாய் திறக்கமாட்டார். ஆபீஸ் மேசையில் அவன் படம் மட்டும் தூசி இல்லாமல் இருக்கும்.

அங்கே என் அண்ணனுக்கு ஒரு கட்டில் கிடைத்தது. அது சும்மா கிடைக்கவில்லை.

நானும் அண்ணனும் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். அவர் குலை வெட்டுகிறவர். வேலை வாங்குகிற மண்டோரே நின்று வேடிக்கை பார்க்கிற அளவுக்கு வேகமான கை. குடி அப்போதே இருந்தது. அண்ணி செத்த பிறகு குடி மட்டும்தான் இருந்தது. மகன் புக்கிட் செந்தோசாவில் வீடு வாங்கி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனான். கடைத்தெருவில் விழுந்து கிடந்தவரைச் சில தடவை தூக்கி வந்து பார்த்தான், பிறகு இனி முடியாது என்று கைவிரித்து, என் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான். நான் இருப்பதோ மகள் வீட்டில். மாப்பிள்ளை நல்லவன்தான், ஆனால் அவன் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்தவன். "அத்தை, நீங்க எத்தன வருசம் வேணும்னாலும் இருங்க. அவரு மட்டும் வேணாம்," என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேறு வழியில்லாமல் மேடத்திடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ இங்க வேல செய்யற வரைக்கும் உங்க அண்ணனுக்கு எடம் உண்டு. ஆனா குடிச்சாருன்னு ஒரு வாட்டி எங்காதுக்கு வந்துச்சுன்னா அன்னைக்கே வெளிய. அப்பறோம் எங்கிட்ட அழுவக் கூடாது."

தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து நான் வேலையை விட முடியாது, அவர் கட்டிலை விட முடியாது. ஒரே கயிற்றில் கட்டிப் போட்ட இரண்டு ஆடுகள் மாதிரி ஆகிவிட்டோம். கைநிறையக் கொடுக்கிறோம் என்று கிள்ளானில் ஒரு இல்லத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. முதுகு போய்விட்டது, வேலையை விடு என்று மகள் சொன்னாள். விடவில்லை. எதற்கென்று அவளுக்கும் தெரியும், அவள் புருஷனுக்கும் தெரியும். அதை வீட்டில் யாரும் பேசமாட்டோம்.

அண்ணன் குடியை விட்டுவிட்டாரா என்றால், அதுதான் இல்லை. எங்கள் கேட்டுக்கு வெளியே சாலையோரம் மரத்தடியில் ஒரு முனீஸ்வரர் கோயில் இருந்தது. இடுப்புயரம்தான் இருக்கும். லோரி ஓட்டுகிறவர்கள் வளைவுக்கு முன்னால் நிறுத்தி, ஐயாவுக்கு ஒரு சுருட்டைக் கொளுத்தி வைத்து, ஸ்டவுட் பீர் போத்தலையோ சம்சுச் சாராயப் போத்தலையோ திறந்து வைத்துவிட்டுப் போவார்கள். காலையும் மாலையும் அந்த இடத்தைக் கூட்டுகிற வேலையை மேடம் அண்ணனுக்குக் கொடுத்திருந்தார். பக்திமான் என்று நினைத்துக் கொடுத்தது. இல்லத்துக் கிழவர்களில் கேட்டைத் தாண்டிப் போக அனுமதி உள்ள ஒரே ஆள் அவர்தான்.

அவர் கூட்டினார். ஐயாவுக்கு வைத்ததையும் காலி செய்தார். சமையல் அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. "ஐயாவுக்கு வந்தத ஐயாவோட ஆளு குடிக்கிறாரு. நமக்கு என்னா லா?" என்பார் சமையல் அக்கா. அண்ணன் தள்ளாடியதில்லை, சத்தம் போட்டதில்லை. குளித்து, தலைவாரி, திருநீறு பூசிக்கொண்டு, சக்கர நாற்காலிகளைத் தள்ளுவார். என் வாழ்க்கையில் அவரை அவ்வளவு ஒழுங்காக நான் பார்த்ததே இல்லை. மேடம் காலையில் வந்து மாலையில் போகிறவர். அவர் மூக்குக்கு வாசனை போனதா, போயும் போகாத மாதிரி இருந்தாரா, எனக்குத் தெரியாது.

பிறகு சாலையை அகலப்படுத்த வந்தார்கள். கோயிலை எடுக்க வேண்டும் என்றார்கள். முறையாகத்தான் செய்தார்கள், பூசாரியைக் கூட்டி வந்து, பூசை போட்டு, ஐயாவைத் தோட்டத்துக்குள் இருக்கிற கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். அது ஒரு திங்கட்கிழமை. அண்ணன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார். நான் சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. இனிமேல் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதால் அவருக்கும் கேட் பூட்டப்பட்டது.

புதன்கிழமை காலை நான் ஒரு அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது சமையல் அக்கா ஓடி வந்தார். கையெல்லாம் மாவு.

"சீக்கிரம் வா லா. உங்க அண்ணன் மேல ஐயா வந்துட்டாரு."

போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கையும் காலும் தாடையும் நடுங்கின. கண் அறை மூலையைப் பார்த்தபடி நிற்கிறது, அங்கே யாரும் இல்லை. "வெட்டுன குலைய ரோட்டுலயா போடுவ? எடுடா," என்று அந்த மூலையைப் பார்த்து அதட்டுகிறார். காலிலிருந்து எதையோ தட்டித் தட்டி விடுகிறார். காலில் ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரு துளி சந்தேகம்கூட வரவில்லை. இது என் கண்ணுக்குப் பழகிய காட்சி. லயத்தில் இருந்த காலத்தில், ஆடி மாதத் திருவிழாவில் உடுக்கைச் சத்தம் கேட்டால் அண்ணனுக்கு இப்படித்தான் உடம்பு ஆடும். இளவட்டமாக இருந்தபோது அவர் மேல் சாமி வரும் என்பது தோட்டத்துக்கே தெரிந்த விஷயம். இப்போது ஐயாவை இடம் மாற்றியிருக்கிறார்கள். கோபத்தில் தன் ஆள் மேல் வந்திறங்கியிருக்கிறார். இதைவிடத் தெளிவாக வேறென்ன வேண்டும்?

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. இத்தனை வருஷம் குடிகாரன், குடிகாரன் என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காதுக்கு, "உங்க அண்ணன் மேல ஐயா வந்துட்டாரு" என்பது அவ்வளவு இனித்தது. நானும் கைகூப்பி நின்றேன். சமையல் அக்கா மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றினார். நடக்க முடிந்த கிழவர்கள் எல்லாரும் வந்து வாசலில் கூடிவிட்டார்கள்.

மேடம் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் நுழைந்தார். அதற்கு முன் அவர் அந்த அறையில் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"எடத்த மாத்துனது தப்புன்னா சொல்லுங்க ஐயா. நாங்க செய்யல, கவர்மெண்டு ரோட்டுக்காரங்க செஞ்சது," என்றார்.

அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. கதவுப் பக்கம் பார்த்தார். "வந்துட்டான்," என்றார். "வாசல்ல வந்து நிக்கிறான். கதவத் தொற."

மேடம் குரல் மாறிப்போய்விட்டது. "யாரு ஐயா? எம் மவனா?"

"மவன்தான். பசியோட நிக்கிறான். தொற லா."

மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். தலைமையாசிரியை அழுகை அது, சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அண்ணன் சொன்னது புக்கிட் செந்தோசாவில் இருக்கிற தன் மகனை என்று எனக்கு அப்போது தோன்றக்கூட இல்லை. சாமி சொன்னால் எல்லாருக்கும் பொதுவாகத்தானே சொல்லும். மேடம் எழுந்துபோய்க் கேட்டைத் தன் கையாலேயே திறந்து வைத்தார். அன்று மத்தியானம் முழுக்க அது திறந்தே கிடந்தது, அவர் நாற்காலி போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். லோரிகள்தான் போயின. "ஐயாவும் நம்மள மாதிரிதான் லா போட்டுப் பேசுறாரு," என்று சமையல் அக்கா அதிசயப்பட்டார்.

அண்ணன் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. சாமிக்கு எதற்குச் சோறு என்றார்கள். மறுநாள் காலையில் சுவரில் போய் மோதிக்கொள்ள ஆரம்பித்ததால், கையைக் கட்டிலோடு கட்டினோம். மஞ்சளில் நனைத்த துணியால் கட்டினோம். சாதாரண ஆளாக இருந்திருந்தால் ஏதாவது பழைய துண்டு போதும் என்றிருப்போம்.

அன்றைக்குத்தான் எங்களுக்குப் பயிற்சி. இல்லத்து ஊழியர்களுக்கு மனநலமும் போதைப் பழக்கமும் பற்றி ஒரு நாள் பயிற்சி, போனால்தான் லைசென்ஸ் புதுப்பிக்க முடியும். சமையல் அக்காவையும் இன்னொரு பெண்ணையும் விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் வேனில் ஏற்றினார் மேடம். நான் வரவில்லை என்றேன். "சாமிய அக்கா பாத்துக்குவாங்க. நீ இல்லாம போனா ஆள் கணக்கு ஒதைக்கும்," என்றார்.

கோலா சிலாங்கூர் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் மண்டபம். ஏர்கோன் குளிரில் விரல் விறைத்தது. போன்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போடச் சொன்னார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு தமிழ்ப் பெண், ஆஸ்பத்திரித் தாதி, என் மகள் வயதுதான் இருக்கும். மலாயில் பேசிவிட்டு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார். மேடம் முன்வரிசையில். நான் பின்னால், சுவர் ஓரம். வெளியே போக வேண்டுமென்றால் ஒரு வரிசையையே எழுப்பிவிட்டு, மேடம் முன்னால் நடந்துதான் போகவேண்டும்.

காலையில் மனச்சோர்வைப் பற்றிப் பேசினார். பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற கிழவர்கள் சோம்பேறிகள் இல்லையாம், பிடிவாதம் பிடிக்கிறவர்களும் இல்லையாம். "எந்திரி, சாப்புடு, குளி, படு. இந்த நாலத் தவிர வேற ஏதாச்சும் அவங்ககிட்ட இன்னைக்குப் பேசுனீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது, சுருக்கென்றதால் கோபமும் வந்தது. ஆளுக்குப் பத்துப் பேரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து கதை பேசு என்றால் எப்படி? பிறகு, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எங்களையே ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லாரும் "ஓகே லா மிஸ்" என்று சிரித்தார்கள். என் முறை வந்ததும் "ஓகே," என்றேன். நான் சொன்ன விதத்தில் அந்தப் பெண் ஒரு வினாடி என்னையே பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

தேநீருக்குப் பிறகு குடியைப் பற்றிப் பேச்சு. மேடம் கையைத் தூக்கி, "எங்க இல்லத்துல அந்தப் பிரச்சினையே கெடையாது மிஸ். ரொம்ப ஸ்ட்ரிக்ட்," என்றார். எங்கள் ஆட்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் தன் செருப்பு வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

"அப்படித்தான் எல்லா இல்லத்துலயும் நெனைக்கிறாங்க மா," என்றார் மிஸ். "குடிக்கிறது ஒரு பிரச்சினை. ஆனா, வருசக்கணக்கா தெனம் குடிச்சவரு திடீர்னு நிறுத்துனா அது அத விடப் பெரிய பிரச்சினை. ரெண்டு மூணு நாளுல ஒடம்பு ஆட ஆரம்பிக்கும். கை கால் நடுங்கும். தொப்பலா வேர்க்கும். தூக்கம் இருக்காது. இல்லாத ஆளுங்க கண்ணுக்குத் தெரிவாங்க, அவங்களோட பேசுவாரு. மேல பூச்சி ஊர்ற மாதிரி இருக்கும், தட்டித் தட்டி விடுவாரு."

சொல்லிக்கொண்டே தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். அண்ணன் தட்டியது போலவே.

முதலில் எனக்கு அந்தப் பெண் மேல்தான் ஆத்திரம் வந்தது. உனக்கு என்ன தெரியும், நீ எந்தத் திருவிழாவைப் பார்த்தாய் என்று நெஞ்சுக்குள் கத்தினேன். அவர் அமைதியாகச் சொல்லிக்கொண்டே போனார். "பைத்தியம்னு நெனச்சுக் கட்டிப் போடுவாங்க. கட்டவே கூடாது. கவனிக்காம விட்டா வலிப்பு வரும். செத்துப் போனவங்க உண்டு. இப்படி ஒருத்தரப் பாத்தீங்கன்னா நாளைக்குப் பாப்போம்னு இருக்காதீங்க. ஒடனே ஆம்புலன்ஸ்."

கடைசியாக அண்ணன் குடித்தது எப்போது என்று எண்ணிப் பார்த்தேன். கோயிலை எடுப்பதற்கு முந்தின நாள். சரியாக வந்தது. எல்லாமே சரியாக வந்தது, பாழாய்ப்போன அந்த மஞ்சள் துணி உட்பட.

அந்த நாற்காலியில் நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. சொன்னால் கட்டில் போய்விடும், வைத்துக்கொள்ள ஊரில் ஒருவரும் இல்லை. சொன்னால் மேடத்தின் மகன் வரமாட்டான். சொன்னால் அண்ணன் மறுபடியும் வெறும் குடிகாரன். ஒரே ஒரு நாள்தான் அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், அதையும் நானே துடைத்துப் போடவேண்டும். சொல்லாவிட்டால் இப்போதே, நான் இந்தக் குளிரில் உட்கார்ந்திருக்கும்போதே, அவருக்கு வலிப்பு வரலாம். எழுந்து ஓட முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது.

எழுந்து நின்றேன். வேறு ஊரில் எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார் என்று ஆரம்பிப்பதாகத்தான் எண்ணம். வாயில் வந்தது வேறு.

"எங்கண்ணன் மிஸ். எங்க இல்லத்துலதான் இருக்காரு. தெனம் குடிப்பாரு. திங்கக்கெழமையிலேருந்து இல்ல. கட்டிப் போட்டிருக்கோம்."

மேடம் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே, வகுப்பில் தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையைத் திருத்துகிற குரலில் சொன்னார்.

"அது சாமி, மிஸ். நான் நேர்ல பார்த்தேன். எனக்கு வாக்குச் சொல்லுச்சு."

மிஸ் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். வாதாடவில்லை. "சரிங்க மா. சாமியாவே இருக்கட்டும். ஒடம்பு மனுசனோட ஒடம்புதானே. மொதல்ல ஆம்புலன்ஸக் கூப்புடுவோம்," என்று அந்த டின்னைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

சமையல் அக்காவுக்குப் போன் அடித்தேன். கட்டை அவிழ்த்துவிடு, பக்கத்தில் இரு என்றேன். "எப்படி லா நான் தொடுறது? காலையில மீன் தின்னுட்டேனே," என்றார். அப்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவர் அவிழ்த்தார். ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வருவதற்குள் ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அண்ணன் பிழைத்தார். ட்ரிப்பும் ஊசியும் மாத்திரையுமாகச் சில நாள் கிடந்து, ஒரு காலையில் கண்ணைத் திறந்து, "தேத்தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டார். கண் தெளிவாக இருந்தது. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த அண்ணனின் கண்.

இல்லத்தில் மேடம் என்னிடம் பேசுவதில்லை. வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆள் பற்றாக்குறை. ஆனால் அண்ணன் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். "இருந்தாலும் சபையில வச்சு சொந்த அண்ணன அப்படிச் சொல்லியிருக்க வேணாம்," என்றார் சமையல் அக்கா. வீட்டில் மாப்பிள்ளையிடம் இன்னொரு தடவை கேட்டேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மகள் என்னைப் பார்த்தாள். நான் குழம்பை எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அண்ணனிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். மஞ்சள் தண்ணீர், வாக்கு, மேடம் அழுதது, கேட்டைத் திறந்து வைத்தது, நான் எழுந்து சொன்னது. அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

"வெளிய அனுப்பிருவாங்களா?"

"அனுப்பிருவாங்க."

"எம் பய என்னைய எடுத்துக்க மாட்டான்."

"போனே எடுக்க மாட்டேங்கிறான்."

"ஒங்க வீட்டுல?"

நான் அவர் தேத்தண்ணிக் குவளையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது அவர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன நாளில் மேடம் வார்டுக்கு வந்தார். கையில் ஒரு பை ஆப்பிள். என்னைப் பார்க்காமல் கட்டில் ஓரத்தில் போய் நின்றார். நல்ல சேலை கட்டியிருந்தார். ஆனால் முகம் இளைத்திருந்தது, அவரும் தூங்கவில்லை என்று தெரிந்தது.

"அன்னைக்கு எம் மவன் வந்துட்டான்னு சொன்னீங்க," என்றார். "அது தண்ணியா, ஐயாவா? எனக்கு உண்மை தெரியணும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார், அது போர்வையின் மேல் ஆடாமல் கிடந்தது. நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

"ஐயாதாம்மா," என்றார் அண்ணன்.

"இப்பவும் வருவாரா?"

"வெள்ளிக்கெழம கேட்டுப் பாருங்க."

மேடத்தின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து அண்ணன் இல்லத்துக்குத் திரும்பினார். நான் பின்னால், ஆப்பிள் பையோடு. சாயங்காலம் மெத்தையை விரித்துப் போட்டார்கள்.

இப்போது தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், கேட்டுக்கு உள்ளே, ஐயாவுக்கு ஒரு சின்ன மேடை இருக்கிறது. பயிற்சிக்குப் பிறகு மேடம் மிகவும் கண்டிப்பு. போத்தலோடு யாரும் உள்ளே வரக்கூடாது. ஐயாவுக்குப் பாலும் பழமும்தான். வெள்ளிக்கிழமை மாலையில் லோரிக்காரர்கள் வருகிறார்கள். ஜெராம் பக்கம், சுங்கை செம்பிலாங்கிலிருந்துகூட வாக்குக் கேட்க வருகிறார்கள். ஆபீஸ் சுவரில் எங்கள் பயிற்சிச் சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள், என்னுடையதும் அங்கே இருக்கிறது.

அண்ணன் குடிப்பதில்லை. கிளினிக் மாத்திரையை நானே கொடுக்கிறேன். அவர் கை இப்போது ஊசியில் நூல் கோக்கிற அளவுக்கு நிதானம். வெள்ளிக்கிழமை மட்டும் அது நடுங்கவேண்டும். வியாழக்கிழமையிலிருந்தே அவர் சாப்பாட்டை ஒதுக்கிவிடுகிறார், யாரோடும் பேசுவதில்லை. மேடம் வாராவாரம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். "வருவான்மா," என்கிறார் அண்ணன். மேடம் ஏமாற்றுக்காரராக இருந்தால் எனக்குக் கோபப்பட்டு ஆற்றிக்கொள்ள ஒரு வழி இருக்கும். அவர் மனதார நம்புகிறார். அண்ணனைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார். நான் யாரிடம் போய்க் கத்துவது?

போன வெள்ளிக்கிழமை அண்ணன் ஆடியது வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. தாடை அடித்துக்கொண்டது. கண் மூலையைப் பார்த்தது. மறுபடி குடித்து நிறுத்தினால் முதல் தடவையைவிட மோசமாக வரும் என்று அந்த மிஸ் சொல்லியிருந்தார். எவனாவது லோரிக்காரன் ரகசியமாகப் போத்தல் கொண்டுவந்து கொடுத்துப் பிறகு நிறுத்திவிட்டானா? எல்லாருக்கும் முன்னால் போய் நாடி பிடித்துப் பார்க்க முடியாது. வாக்குக் கேட்கிற வரிசையில் நானும் போய் நின்றேன். முறை வந்ததும் குனிந்து நெற்றியைக் காட்டினேன்.

திருநீற்றைத் தொட்டு என் நெற்றியில் வைத்தார். கட்டைவிரல் நடுங்கவே இல்லை, வேர்வை இல்லாமல் காய்ந்து சில்லென்று இருந்தது. எனக்கு உயிர் வந்தது. நிமிரப் போனேன், அவர் என் தலையைப் பிடித்து இழுத்துத் தன் வாய்ப் பக்கம் வைத்துக்கொண்டார். உடம்பு ஆடிக்கொண்டே இருந்தது. குரல் மட்டும் தேத்தண்ணி கேட்ட அன்றைக்கு இருந்த குரல்.

"பாப்பா, என்னால முடியல. என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு."

மேடம் என் தோளைத் தொட்டார். "ஐயா என்னா சொன்னாரு?"

"எல்லாரும் நல்லா இருப்பாங்களாம், மேடம்," என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்தேன்.